நாற்பத்திரண்டு மைல்

குழந்தைவேலு நாடாளுமன்றத்துக்குப் போன நாள் முதல் எர்னஸ்டுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

எர்னஸ்ட் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது காகிதத்துக்கு மட்டும். ஆட்கள் வாயில் அது கல்மேட்டுத் தோட்டம். செக்ரோல் என்கிற ஆள்பெயர்ப் புத்தகம், சம்பளப் பட்டியல், துரைக்கு வரும் கடிதம், துரை அனுப்பும் கடிதம் எல்லாம் எர்னஸ்டின் மேசையில்தான். ஆங்கிலமும் மலாயும் அவர் கையில் அச்சில் வார்த்த மாதிரி விழும். கூலிம் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த காலமெல்லாம் அவர்தான் முதல் மாணவர். அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவர் குழந்தைவேலு. ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர் பிள்ளை. ஒரே ஆங்கிலச் சொல்லை மூன்று விதமாக எழுதி மூன்றுக்கும் அடி வாங்கியவர்.

பள்ளி முடிந்ததும் எர்னஸ்ட், தன் அப்பா கிராணியாக இருந்த அதே ஆபீசில் போய் உட்கார்ந்தார். குழந்தைவேலு தொழிற்சங்கத்தில் சேர்ந்து சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். கட்சிக் கிளைக்கு எர்னஸ்ட் பதினொரு வருஷம் செயலாளர். அவர் எழுதிய கூட்டக் குறிப்பை மாதிரிக்காக மற்றக் கிளைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனதுண்டு. 1974 தேர்தலில் தொகுதி கட்சிக்குக் கிடைத்தபோது, நிற்கப்போவது எர்னஸ்ட்தான் என்று கிளையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி கேதரின் ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டாள். மேலேயிருந்து வந்த காகிதத்தில் குழந்தைவேலு என்று இருந்தது.

வெற்றி விழாவில் முதல் மாலையைப் போட்டவரும் எர்னஸ்ட்தான். செயலாளர் ஆயிற்றே. தைத்து வந்த அந்தச் சட்டையைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள், குழந்தைவேலுவுக்கு.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து எர்னஸ்டும் கேதரினும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வெளிர்நீல டட்சன் கார் வந்து நின்றது. குழந்தைவேலு கையில் பெரிய உறையோடு இறங்கி வந்தார்.

“எர்னஸ், நீதான்டா கைகுடுக்கணும். இந்தப் பாரம் எனக்கு ஒண்ணும் விளங்கல. எல்லாம் மலாய்ல கேக்கறான். ரெண்டு தடவ எழுதி அனுப்பினேன், ரெண்டு தடவயும் திருப்பி அனுப்பிட்டான்.”

“என்ன பாரம்?”

“துந்துத்தான் லா, செலவுப் படி கேக்கறது. காரு ஓடின மைலுக்குப் படி, கோலாலம்பூர்ல தங்கினதுக்குப் படி, கூட்டம் நடக்கற நாளுக்கு ஒரு படி. கேட்டு வாங்கலன்னா கைக்காசுதான் போவுது.”

உள்ளேயிருந்து கேதரின் எட்டிப் பார்த்தாள். “வாங்க வேலு அண்ணே. தோசை ஊத்தட்டுமா?”

“வேணாம்னு சொல்வனா தங்கச்சி.”

எர்னஸ்ட் பாரம் என்கிற அந்த விண்ணப்பப் படிவத்தை விரித்தார். பின்பக்கத்தில் எதற்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மைலுக்கு இவ்வளவு. இரவுக்கு இவ்வளவு. அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். மாதம் ஒரு முறை தோட்ட வேலையாகக் கூலிம் லேபர் ஆபீசுக்குப் போய்வரும்போது அவருக்குக் கிடைப்பது பஸ் காசு. அதற்கும் டிக்கெட்டைக் குண்டூசியில் குத்திக் கொடுக்க வேண்டும். ஒரு முறை டிக்கெட் மழையில் நனைந்து கூழாகிவிட்டது என்று கம்பெனி அறுபது காசைப் பிடித்துக்கொண்டது.

ஹோட்டல் ரசீது ஒன்று உறைக்குள் இருந்தது. அதில் அறை, காலைப் பலகாரம் என்பவற்றுக்குக் கீழே சலவை என்று ஒரு வரி. எர்னஸ்டின் பேனா அங்கே நின்றது. குழந்தைவேலுவின் சட்டையைத் துவைக்க அரசாங்கம் காசு கொடுக்கிறது!

“இதையும் போடணுமாடா?” என்று கேட்டார்.

“போடலாம்னுதான் சொல்றாங்க. எனக்கு என்னமோ வெக்கமா இருக்கு. நீ என்ன சொல்ற?”

“சட்டத்துல இருந்தா போட வேண்டியதுதான்.”

போட்டார். முத்து முத்தான எழுத்தில். குழந்தைவேலு தோசையைத் தின்றுகொண்டே, “உங்கையி எழுத்தப் பாத்தா அவனே ரெண்டு வெள்ளி சேத்துக் குடுப்பான்டா,” என்று சிரித்தார். கேதரினும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எர்னஸ்ட் பார்த்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது.

முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால், அப்புறம் குழந்தைவேலு எவ்வளவு வாங்குகிறான் என்று தெரியாமலே போய்விடும். அதை அவரால் தாங்க முடியாது. ஆகவே மாதத்தில் முதல் ஞாயிறு, பூசைக்குப் பிறகு, பாரம் எழுதுவது என்று ஆனது. எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு எர்னஸ்டின் மனசு கோலாலம்பூரில்தான் இருக்கும். வெள்ளை விரிப்பு விரித்த கட்டில். குளிர்சாதனம் ஓடும் சத்தம். முதல் வகுப்பு ரயில் பெட்டி. சபையில் எழுந்து நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முகம் சவரம் செய்யும்போது, தான் அங்கே நின்று பேசியிருக்கக்கூடிய பேச்சை அவர் கண்ணாடியைப் பார்த்து முணுமுணுப்பார். குழந்தைவேலு கேட்ட கேள்வி ஒன்று மலாய்ப் பத்திரிகையில் நான்கு வரியாக வந்தபோது, எர்னஸ்ட் சிவப்புப் பென்சிலை எடுத்து அதிலிருந்த இரண்டு இலக்கணப் பிழையை வட்டமிட்டார். அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

“மாசத்துல இந்த ஒரு நாளு மட்டும் உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?” என்று கேதரின் ஒரு நாள் கேட்டாள். “எழுத இஷ்டமில்லன்னா சொல்லிடுங்களேன்.”

“இஷ்டமில்லன்னு யாரு சொன்னா?”

1976 தொடக்கத்தில் பாரத்தில் புதிதாக ஒரு வரி வர ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை, கூலிம்–கரங்கான்–பாடாங் மேஹா–கூலிம், தொகுதி மக்களைச் சந்தித்தல், நாற்பத்திரண்டு மைல்.

முதல் மாதம் எர்னஸ்ட் பேசாமல் எழுதிக்கொடுத்தார். இரண்டாவது மாதமும் அதே வரி வந்தபோது அவர் தேதிகளை இன்னொரு முறை பார்த்தார். பாடாங் மேஹாவில் இருப்பவர் அவர். நாடாளுமன்ற உறுப்பினரை ஊரில் ஒய்பி என்பார்கள். ஒய்பி வந்தால் கொடி பறக்கும், நாலு பேர் பின்னால் ஓடுவார்கள், தோட்டத்து ஆபீசுக்கு முதலில் தகவல் வரும். வியாழக்கிழமையில் குழந்தைவேலு இந்தப் பக்கம் வந்து அவர் பார்த்ததே இல்லை.

தோட்டத்துக் கேட்டில் காவல் நிற்கும் பக்கிரிசாமியைச் காரைப் பற்றிச் சும்மா கேட்பதுபோல் கேட்டார். “ஒய்பி கெரேத்தா இந்தப் பக்கம் வந்துச்சா?”

“தேர்தலுக்கு வந்ததுதாங்க கிராணி. அப்புறம் ஏது?”

அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் எர்னஸ்ட் தன் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கூலிமுக்குப் போனார். குழந்தைவேலு வீட்டு வாசலுக்கு எதிரே வண்டியைத் திருப்பி, மைல் காட்டும் மீட்டரில் இருந்த எண்ணைச் சட்டைப்பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டார். அங்கிருந்து நேராகப் பாடாங் மேஹா வந்து மறுபடி கூலிம் போய்ச் சேர்ந்தார். இருபத்திரண்டு மைல். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை ஓட்டினார். இருபத்திரண்டேதான். கரங்கான் எதிர்த்திசையில் கிடக்கிறது, போய்வர இருபது மைல். பாடாங் மேஹாவுக்கு வருகிறவனுக்குக் கரங்கானில் என்ன வேலை? மைலைக் கூட்டுவதற்குத்தான். அதுவும் பாடாங் மேஹாவுக்கே வராமல்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். “என்ன இன்னிக்கு இவ்வளவு பசி?” என்றாள் கேதரின். வெயிலில் வண்டி ஓட்டினது என்றார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், ஆபீசில் எல்லாரும் போன பிறகு, தட்டச்சு எந்திரத்தில் தாளைச் செருகினார். மலாய் சரளமாக வந்தது. இன்ன தேதி, இன்ன தேதி, இத்தனை மைல், உண்மையில் இத்தனை மைல், மக்கள் வரிப்பணம், விசாரணை தேவை. அடியில் ‘நேர்மையை விரும்பும் வாக்காளர்’ என்று அடித்தார். ஒரு பிழை இல்லை. படித்துப் பார்க்கையில், தான் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவதுபோலவே இருந்தது.

கூலிமில் அஞ்சல் செய்யப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு யான் என்கிற ஊரில் கேதரினுடைய அக்காள் அக்னஸ் வீட்டில் பேரப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அங்கே கடலோரத்து மீன்குழம்பும் சோறுமாக எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போய்க் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டார். முத்திரையில் யான் என்று விழும். வெற்றிலை வாங்க மறந்துபோய் வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைவேலு வழக்கம்போல் வந்தார், தோசை தின்றார், பாரம் எழுதி வாங்கிப் போனார். நாற்பத்திரண்டு மைல் என்று எர்னஸ்ட் முத்து முத்தாக எழுதினார். எழுது, எழுது, எல்லாம் உன் தலையில்தான் விழப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குரல் பாடியது.

மூன்றாவது மாதம், செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில் டட்சன் ஆபீஸ் வாசலில் நின்றது. குழந்தைவேலு முகம் வாடிப் போயிருந்தது. ஒரு காகிதத்தை எர்னஸ்டின் மேசையில் வைத்தார்.

“எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான்டா. நான் போவாத எடத்துக்குப் போனேன்னு மைலு போடறனாம். கோலாலம்பூர்லேர்ந்து விளக்கம் கேக்கறான். கட்சித் தலைமைக்கும் ஒரு காப்பி போயிருக்கு.”

எர்னஸ்ட் காகிதத்தைப் பார்த்தார். தன்னுடைய வாசகங்கள்தான், மேற்கோள் குறிக்குள். “யாரா இருக்கும்?” என்று கேட்டார்.

“யாரா இருந்தா என்ன. மலாய் மட்டும் நல்ல மலாய். படிச்சவன்.” குழந்தைவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் பாத்த ஆளுங்க கையெழுத்தோ ரேகையோ வேணுமாம். பதிலு நீதான் எழுதணும். வியாழக்கிழம லீவு போடு. நேர்லயே வந்து பாத்துட்டு எழுதிரு.”

போகாமல் இருக்க ஒரு காரணமும் எர்னஸ்டுக்குக் கிடைக்கவில்லை. போவதற்கு ஒரு ஆசையும் இருந்தது. ரேகைக்கு இவன் யாரையாவது சும்மா பிடித்து உட்காரவைக்கப் போகிறான். அதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

வியாழக்கிழமை காலையில் எர்னஸ்ட் கூலிம் போய்க் காரில் ஏறினார். கார் முதலில் கரங்கானுக்குப் போனது. அங்கே ஒரு பலகை வீட்டிலிருந்து டிரஸ்ஸர் சிரில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து ஏறினார். கல்மேட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். மடியில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார்.

“டிரஸ்ஸர் எதுக்கு?” என்றார் எர்னஸ்ட்.

“அவருக்குத்தானே தெரியும், யாரு எந்த வருஷம் எந்த லயத்து வீட்டுல பொறந்தாங்கன்னு,” என்றார் குழந்தைவேலு. “அவரு வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாத்தான் சூராட் செல்லும்.”

கார் பாடாங் மேஹா வந்து, தோட்டத்துக் கேட்டுப் பக்கம் போகாமல் பெரிய ரோட்டிலேயே ஒரு சீனர் கடை ஓரமாக நின்றது. அங்கிருந்து இறங்கி ஆற்றங்கரையோடு களிமண் பாதையில் நடந்தார்கள். சிரிலைக் குழந்தைவேலு கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். தோட்டத்து எல்லைக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பதினொரு குடிசைகள். அங்கே குடிசை இருப்பது எர்னஸ்டுக்குத் தெரியும். யாரோ வெளியூர்க்காரர்கள் என்று இருந்துவிட்டார்.

பலா மரத்தடியில் பலகை போட்டு இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். கிட்டே போனதும் எர்னஸ்டுக்கு ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. ராக்காயி. அவள் மருமகள் பாப்பம்மா. எல்லாம் கல்மேட்டுத் தோட்டத்து ஆட்கள்.

ஆறு ஏழு வருஷத்துக்கு முன்னால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அப்படிப்பட்டவர்களுக்கான அடையாள அட்டையாகிய சிகப்பு ஐசி வைத்திருக்கிற ஆட்களைப் பட்டியல் போடச் சொன்னார் துரை. எர்னஸ்ட் ஒரே மத்தியானத்தில் போட்டார். நாற்பத்து மூன்று பெயர். செக்ரோலில் அந்தப் பெயர்களின் மேல் அடிமட்டம் வைத்து, சிவப்பு மையில் கோடு போட்டார். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை என்று துரை பாராட்டினார். கொஞ்சம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை.

பலகையில் குழந்தைவேலுவின் எழுத்து நிறைந்த தாள்கள் கிடந்தன. இன்னார் இங்கே பிறந்தார், இன்னார் சாட்சி, குடியுரிமைக்குரிய நீல ஐசி வழங்க வேண்டும். கோழி கிளறினது போல எழுத்து. வரிக்கு ஒரு பிழை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், மாதவாரியாக.

எர்னஸ்டைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. குழந்தைவேலுதான் சொன்னார். “நான் உங்கள வந்து பாக்கலன்னு எவனோ புகார் போட்டுட்டான். வந்தேன்னு நீங்க ரேகை வச்சாப் போதும். நம்ம எர்னஸ்தான் எழுதப் போறாரு.”

ஒவ்வொருவராக வந்து, எர்னஸ்ட் பிடித்திருந்த மைப் பெட்டியில் கட்டைவிரலை அமுக்கித் தாளில் வைத்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ராக்காயி முறை வந்தது. அவள் கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

“ஒய்பிக்குன்னா பத்து வெரலயும் வக்கிறேன். இந்தக் கையி புடிச்ச மையில வக்க மாட்டேன்.”

“ராக்காயிக்கா, அது பழைய கத,” என்றார் குழந்தைவேலு.

“ஒங்களுக்குப் பழசு. கப்பலேறிப் போன எம்மவன் மூஞ்சிய நான் இன்னும் பாக்கல.” அவள் எர்னஸ்ட் பக்கம் திரும்பினாள். “கிராணி, ஒங்க மேசைகிட்ட வந்து நின்னேன். இங்கதான் பொறந்தேன், ஒங்கப்பாதான் எம்பேர எழுதினாருன்னு சொன்னேன். நிமிந்து பாத்தீங்களா?”

“துரை சொன்னதத்தான் நான் செஞ்சேன்.”

“தொரைக்கு எங்க பேரு தெரியுமா? பேரு எழுதினது நீங்கதான?”

குழந்தைவேலு மெதுவாக அவர் கையிலிருந்த மைப் பெட்டியை வாங்கித் தன் கையில் வைத்து நீட்டினார். ராக்காயி விரலை அமுக்கி ரேகை வைத்தாள். வைத்துவிட்டு, மை ஒட்டிய விரலை, ஏதோ சொந்தப் பிள்ளையின் சட்டை போல, குழந்தைவேலுவின் சட்டைக் கையில் துடைத்தாள். “ஐயோ, சட்ட கெட்டுப்போச்சே!” என்று பாப்பம்மா கத்த, எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைவேலுவும் சிரித்தார்.

அப்புறம் அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. குழந்தைவேலு சட்டியில் கைவிட்டு எடுத்துத் தின்றார். இளைத்துப் போய்விட்டாயே என்று ஒரு கிழவி அவரைத் திட்டினாள். எர்னஸ்டுக்கும் கொடுத்தார்கள். பீங்கான் தட்டில், ஒரு துண்டு, ஒரு கரண்டியோடு.

தான் செய்தது அவருக்கு அந்த இடத்தில் உறைக்காமல் இல்லை. ஆனாலும் அதற்கும் மேலே ஒன்று அவரைப் பிடித்துத் தின்றது. ஹோட்டல் அறையையும் முதல் வகுப்புப் பெட்டியையும் நினைத்து வந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தச் சட்டைக் கையில் இருந்த மைக்கறையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் சட்டையில் ஒருவரும் அப்படி விரலைத் துடைக்க மாட்டார்கள்.

சிரில் வழக்கம்போல் சாயங்காலப் பஸ்ஸில் போவதாக அங்கேயே நின்றுகொண்டார். இருவரும் காரில் கூலிமுக்குத் திரும்பும்போது எர்னஸ்ட் கேட்டார். “மைலு எழுத மட்டும் நான் வேணும். இத்தன தாளு எழுதறதுக்கு என்ன ஏன் கூப்புடல? நான் எழுதியிருந்தா ஒரு தப்பு இருக்குமா?”

குழந்தைவேலு கியரை மாற்றினார். “கேட்டேன்டா அவங்கள. மொத நாளே கேட்டேன். எர்னஸ கூட்டியாரவான்னு. வேணாம்னுட்டாங்க. அத உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

கொஞ்ச தூரம் போயிற்று. எண்ணெய்ப் பனைக் கன்றுகள் புதிதாக நட்ட மேடு ஒன்று கடந்தது. எர்னஸ்ட் அவர் பக்கம் திரும்பினார். “வேலு, அந்த மொட்டைக் கடுதாசி...” என்றார்.

“விடுலா. எவனுக்கோ வயித்தெரிச்சல்.”

எர்னஸ்ட் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, பதிலுக்கு வேண்டிய தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பதிலை எர்னஸ்ட் எழுதினார். வாழ்க்கையில் அதுபோல் ஒரு கடிதத்தை அவர் எழுதியதில்லை. குற்றச்சாட்டு ஒவ்வொன்றும் மனப்பாடமாகத் தெரிந்ததால், ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அடித்தார். கரங்கான் வழியாக ஏன் போக வேண்டும், கார் ஏன் ரோட்டிலேயே நிற்கிறது, டிரஸ்ஸர் ஏன் வேண்டும், எல்லாம் இருந்தது. ஆறு வாரத்தில், விளக்கம் ஏற்கப்பட்டது என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. குழந்தைவேலு கோலாலம்பூரிலிருந்து கேதரினுக்கு ஒரு டின் பிஸ்கட்டும் எர்னஸ்டுக்கு ஒரு பேனாவும் வாங்கிவந்தார். அந்தப் பேனாவை எர்னஸ்ட் திறக்கவே இல்லை.

1978 தேர்தலில் கட்சி குழந்தைவேலுவை நிறுத்தவில்லை. பினாங்கிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தியது. காரணம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. கிளைக் கூட்டத்தில் ஒருவர், “மேல ஏதோ புகார் போச்சாம். வெளக்கம் குடுத்தாலும் கறை கறைதான லா,” என்றார். அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியவர் எர்னஸ்ட். எழுதாமல் விட்டார். வக்கீலின் பெயர் வருமுன் ஒரு நாள் முழுக்க, அந்த இடம் இனித் தனக்குத்தான் என்று அவர் மனசு ஆசைப்பட்டதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கடிதத்தை மட்டும் கேதரினிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“அவரு இங்க வந்து தோசை தின்னாரே, அதுக்கெல்லாம் அப்புறமா எழுதினீங்க?”

“ஆமா.”

“எழுதினதுக்கு அப்புறமும் தின்னாரு.”

“ஆமா.”

இரண்டு நாள் அவள் அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மூன்றாவது நாள், கோயில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னாள். அவர் போனார். சாமியார் பரிகாரமாகச் செய்ய வேண்டிய செபங்களைச் சொல்லிவிட்டு, அந்த மனிதரிடமும் சொல்லிவிடு என்றார். செபங்களை மட்டும் எர்னஸ்ட் சொல்லி முடித்தார்.

குழந்தைவேலு டட்சனை விற்றுவிட்டார். மறுபடி சங்கத்தில் சிறிய சம்பளத்துக்கு ஒரு வேலை. ஆனால் வியாழக்கிழமை நிற்கவில்லை. கரங்கானுக்கு ஒரு பஸ், சிரிலோடு கூலிமுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாடாங் மேஹாவுக்கு ஒரு பஸ். இப்போது அந்த மைலுக்குப் படி கொடுக்க யாரும் இல்லை. சிலருக்கு நீல ஐசி கிடைத்தது. ராக்காயிக்கும் கிடைத்தது என்று பக்கிரிசாமி சொன்னார்.

1980இல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எர்னஸ்ட் வீட்டு வாசலில் பாப்பம்மா வந்து நின்றாள். கையில் நீல ஐசிக்கான பாரம்.

“வேலு அண்ணன் மக கல்யாணத்துக்கு ஈப்போ போயிருக்காரு, கிராணி. திங்கக்கெழம கடைசி நாளு. அதான்.”

எர்னஸ்ட் அவளை உட்காரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எழுதினார். பெயர், பிறந்த இடம், தொழில். ஒரு மணி நேரம் ஆயிற்று. பாரம் பார்ப்பதற்கே அழகாக இருந்தது. பாப்பம்மா அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம அண்ணன் வந்துருவாரு. ஒருக்கா அவருகிட்ட காட்டிட்டுப் போட்டுர்றேன்.”

எர்னஸ்டுக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. அந்தக் கடைசி பெஞ்சுக்காரனிடமா, என் எழுத்தையா? “காட்டு,” என்றார்.

திங்கட்கிழமை காலையில், அவர் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில், அவள் மறுபடி வந்தாள். பாரத்தில் ஒரே ஒரு இடத்தில் அடித்து, பக்கத்தில் கோழி கிளறின எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“அடிச்சுத் திருத்தினா ஆபீஸ்ல வாங்க மாட்டானாம். கிராணிகிட்டயே குடுத்துப் புதுசா எழுதி வாங்கிக்கன்னு அண்ணன் சொன்னாரு.”

எர்னஸ்ட் பிழையைக் கண்டுபிடிக்கும் அவசரத்தோடு பார்த்தார். தொழில் என்ற இடத்தில் அவர் ‘வேலை இல்லை’ என்று எழுதியிருந்தார். செக்ரோலில் பெயர் இல்லாதவளுக்கு வேறு என்ன எழுதுவது? அதைக் குழந்தைவேலு அடித்துவிட்டு, ‘பால்வெட்டுத் தொழிலாளி, பதினேழு வருஷம்’ என்று எழுதியிருந்தார். மலாயில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. விஷயத்தில் இல்லை.

அவர் திரும்ப உட்கார்ந்து புதுப் பாரத்தில் எல்லாவற்றையும் எழுதினார். அந்த இடம் வந்தபோது குழந்தைவேலு எழுதியதை, பிழையைத் திருத்தி, அப்படியே எழுதினார். ஆபீசுக்கு அரை மணி நேரம் பிந்திப் போனார்.

அதற்குப் பிறகு குடிசைப் பக்கத்திலிருந்து எப்போதாவது ஒருவர் இருவர் பாரத்தோடு எர்னஸ்ட் வீட்டுக்கு வந்தார்கள். கேதரின் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். எர்னஸ்ட் எழுதிக் கொடுத்தார். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. எழுதியதை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரும் முதலில் குழந்தைவேலுவிடம்தான் காட்டப் போனார்கள்.